பகலின் சாட்சியம்

1889-ஆம் ஆண்டில், லண்டன் கிளினிக்கல் சொசைட்டியின் சபையில், லிவர்பூல் நகரத்து வைத்தியரான ரிச்சர்டு கேட்டன், கோழியும் வாத்தும் விற்றுப் பிழைத்துவந்த 37 வயது வியாபாரி ஒருவரின் விருத்தாந்தத்தை எடுத்துரைத்தார். உட்கார்ந்த மாத்திரத்தில் உறக்கம் வந்து ஆட்கொண்டுவிடும் அம்மனிதர், நிற்கும்போதும் நடக்கும்போதும்கூட அதற்குத் தப்ப முடியாதவராக இருந்தார். கடையில் நின்றபடியே கண்ணயர்ந்து, பிறகு விழித்துப் பார்க்கையில், கால்மணி நேரத்துக்கு முன்னால் விற்ற வாத்து தம் கையிலேயே இருப்பதையும், அதை வாங்க வந்தவர் போய்விட்டதையும் காண்பாராம். அவர் நன்றாக உறங்கும்போது அருகிருந்து கவனித்தவர்களுக்கோ வேறொரு காட்சி புலப்பட்டது: தொண்டை இறுக மூடிக்கொள்ளும், மார்பும் வயிறும் மூச்சுக்காக வீணே போராடும், ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் அந்தப் போராட்டம் முற்றி உடல் நீலம் பாரிக்கும், பார்ப்பவர் நெஞ்சு பதறும் தறுவாயில் அடைப்பு விலகி, நெடிய மூச்சுகள் வந்து, நிறம் திரும்பும். இத்தனைக்கும் அவர் விழித்துக்கொள்ளாமலே கிடப்பார்.

ஸ்லீப் ஆப்னியா என்று இன்று ஆஸ்பத்திரிகளில் வழங்கும் நோயின் இரண்டு முகங்களும் இந்த ஒரே விருத்தாந்தத்தில் அடங்கியிருக்கின்றன. உறக்கத்திலே தொண்டையின் தசைகள் தளர, நாவின் அடிப்பகுதி பின்னே சரிய, காற்று செல்லும் வழி அடைபட்டுப்போகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறையக் குறைய, மூளை ஒரு கணம் விழித்துத் தசைகளை இறுக்கி வழியைத் திறக்கிறது. மறுபடியும் உறக்கம், மறுபடியும் அடைப்பு. இரவு முழுவதும் நூற்றுக்கணக்கான தடவை இவ்விதம் நித்திரை துண்டுபட்டும், காலையில் எழும் மனிதருக்கு அவற்றில் ஒன்றுகூட நினைவில் இருப்பதில்லை. அவர் அறிந்ததெல்லாம் பகலில் தமக்கு நேரும் கஷ்டமே. ஆகையால், இந்த நோயாளியிடம் அவருடைய பகற்பொழுது எவ்வாறு கழிகிறது என்று கேட்டறிவது, மற்ற நோய்களிற்போல உபசாரத்துக்குக் கேட்கும் கேள்வியன்று; நோயாளி தாமே சாட்சி சொல்லக்கூடிய பகுதி அது ஒன்றுதான். அவ்வாறு கேட்கும் வழக்கம் வைத்திய சாஸ்திரத்தில் எவ்வண்ணம் தோன்றி, இடையிலே எவ்வண்ணம் மங்கி, பின்பு எவ்வண்ணம் மீண்டும் தலையெடுத்தது என்பதே நான் இங்கே சொல்ல விரும்பும் சரித்திரம்.

கேட்டனைப் பற்றி இன்னும் ஒரு செய்தி சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. முயல், குரங்கு முதலிய பிராணிகளின் மூளையில் மெல்லிய மின்னோட்டம் இருப்பதை 1875-இல் முதன்முதலாகக் கண்டு உலகுக்கு அறிவித்தவர் இவரே. பிற்காலத்தில் உறக்க ஆய்வுச்சாலைகள் நோயாளியின் தலையில் கம்பிகளை ஒட்டிப் பதிவுசெய்யும் மூளை அலைகளுக்கு மூலம் அந்தக் கண்டுபிடிப்பு. ஆனால் கோழிக்கடைக்காரரின் நோயை அவர் அறிந்துகொண்டது எந்தக் கருவியாலும் அன்று; கையில் மிஞ்சிய வாத்தைப் பற்றி அந்த மனிதர் சொன்னதைப் பொறுமையோடு செவிமடுத்ததனாலும், அவர் படுக்கையருகே கண்ணால் கண்டதை உள்ளபடி எழுதிவைத்ததனாலுமே.

அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1836-லும் 1837-லுமாகப் பகுதி பகுதியாக வெளிவந்த 'பிக்விக் பேப்பர்ஸ்' என்னும் நாவலில், எந்நேரமும் உறங்கி விழும் பருத்த வேலைக்காரப் பையன் ஒருவனை டிக்கன்ஸ் படைத்திருந்தார். ஜோ என்னும் அந்தப் பையன் வைத்தியர்களின் மனத்தில் நெடுங்காலம் குடியிருந்தான். 1956-இல், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் தலைவராக முன்பு இருந்த சிட்னி பர்வெல்லும் அவருடைய சகாக்களும், மிகுந்த பருமனும் ஓயாத உறக்கமும் கொண்ட ஒரு நோயாளியைப் பற்றி எழுதியபோது, அந்த நிலைக்குப் 'பிக்விக்கியன்' நோய் என்றே பெயரிட்டார்கள். 51 வயதான அந்த நோயாளி வியாபார நிறுவனமொன்றின் அதிகாரி. ஐந்தரை அடிக்கும் குறைந்த உயரத்தில் 260 பவுண்டுக்கு மேல் எடையுள்ளவர். வாரந்தோறும் நண்பர்களோடு சீட்டாடுவது அவர் வழக்கம். ஒருநாள் ஆட்டத்தில் மூன்று ஆசும் இரண்டு ராஜாவும் அவர் கையில் வந்து சேர்ந்தன. போக்கர் ஆட்டத்தில் எளிதில் வாய்க்காத சீட்டுகள் அவை. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டே அவர் உறங்கிப்போனார். பந்தயத்தை உயர்த்தி வெல்லும் வாய்ப்பு கைநழுவிற்று. சில நாட்களுக்குள் அவர் பாஸ்டனில் உள்ள பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்.

உடல் பருமனோ, கால் வீக்கமோ, மூச்சு வாங்குதலோ ஆஸ்பத்திரிக்கு இட்டுவராத ஒருவரை ஒரு கைச்சீட்டு இட்டுவந்தது என்பதைப் பர்வெல் விடாமல் குறித்துவைத்தாரே, அந்தக் கவனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நோயின் பாரத்தை நோயாளி எந்த இடத்தில் உணர்ந்தாரோ அந்த இடத்திலிருந்து விருத்தாந்தத்தைத் தொடங்குவது நல்ல வைத்தியரின் லட்சணம். ஆயினும் காரணம் கூறுமிடத்தில் அவர்கள் வழி தவறினார்கள். பருமனால் சுவாசம் குன்றி, இரத்தத்தில் கரியமிலவாயு தேங்கி, அதன் மயக்கத்தாலேயே பகலில் உறக்கம் வருகிறது என்று அவர்கள் கொண்டார்கள். இரவிலே அம்மனிதர் எவ்வாறு உறங்கினார் என்பதை ஒருவரும் ஆராயவில்லை.

அந்த ஆராய்ச்சி 1965-இல் பிரான்சு தேசத்து மார்செய் நகரத்தில் நடந்தது. ஹென்றி காஸ்டோவும் அவருடைய துணைவர்களும் இத்தகைய நோயாளியை இரவிலே படுக்கவைத்து, மூளை அலைகளையும் சுவாசத்தையும் ஒரேசமயத்தில் பதிவுசெய்து, மூச்சு நிற்பதும் மூளை விழிப்பதும் மாறி மாறி வருவதைக் காகிதத்தில் கண்டார்கள். பகல் உறக்கத்துக்குக் காரணம் துண்டுபட்ட இரவே என்பது அன்று தெளிவாயிற்று. இத்தாலியில் பொலோன்யா நகரத்து லுகரேசி முதலியோரும் அதே காலத்தில் இந்நோயை ஆராய்ந்து, பருமன் இல்லாதவர்களிடத்தும் இது காணப்படுவதை எடுத்துக்காட்டினார்கள். 1972-இல் பிரான்சிலிருந்து ஸ்டான்போர்டு சர்வகலாசாலைக்குச் சென்ற கிறிஸ்தியன் கில்லமினோ, அங்கே வில்லியம் டிமென்ட் நடத்திவந்த உறக்க ஆய்வுச்சாலையில், இந்நோய்க்கு இன்று வழங்கும் பெயரையும் இலக்கணத்தையும் வகுத்தார். பத்து விநாடியேனும் மூச்சு நின்றால் அது ஒரு தடை. மணிக்கு ஐந்து தடைக்கு மேற்பட்டால் நோய். மூச்சு முற்றும் நில்லாமல் குன்றுவதையும் பின்னர் சேர்த்துக் கொண்டார்கள். இவ்வாறு பிறந்த எண்ணே ஆப்னியா-ஹைப்போப்னியா எண் என்று வழங்குகிறது.

அக்காலத்தில் இருந்த ஒரே திடமான சிகிச்சை, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலுக்கு நேராக வழி திறப்பது. பகலில் அத்துளையை அடைத்துவைத்து இரவில் திறந்துகொள்ள வேண்டும். அந்த வேதனையை ஏற்றவர்கள் சில நாட்களிலேயே பகல் உறக்கம் தீர்ந்து எழுந்தார்கள் என்பது நோயின் காரணத்தை ஐயமற நிலைநாட்டியது. 1981-இல் சிட்னி நகரத்துக் காலின் சல்லிவன், மூக்கின்மேல் முகமூடி பொருத்தி, மோட்டாரால் காற்றைத் தொடர்ந்து ஊதித் தொண்டையைத் திறந்தே வைக்கும் முறையை ஐந்து நோயாளிகளிடம் செய்து காட்டினார். சிபாப் கருவி என்று இன்று நம் ஊர் மருந்துக் கடைக்காரர்களுக்கும் தெரிந்த கருவி அதன் வழித்தோன்றல்.

இங்கேதான் பகலின் குரல் மங்கத் தொடங்கிற்று. இரவு முழுவதும் கம்பிகளோடு படுத்திருந்த நோயாளியின் நோயைக் காலையில் ஒரே எண்ணாகச் சொல்லிவிட முடியும் என்ற நிலை வந்தபோது, அந்த எண்ணே நோய் என்றும், அது குறைவதே குணம் என்றும் எண்ணும் பழக்கம் ஆய்வுச்சாலைகளில் வேரூன்றிற்று. எண்ணுவது பிழையன்று, எண்ணியிராவிட்டால் காரணமே விளங்கியிராது. ஆனால் எண்ணுக்கும் மனிதருக்கும் இடையே எவ்வளவு தூரம் உண்டு என்பதை 1993-இல் வெளிவந்த விஸ்கான்சின் ஆராய்ச்சி காட்டிவிட்டது. அமெரிக்காவின் அந்த மாகாணத்து அரசாங்க ஊழியர்களில், 30 முதல் 60 வயதுவரை உள்ள 602 பேரை டெரி யங்கும் அவருடைய சகாக்களும் ஓர் இரவு ஆய்வுச்சாலையில் உறங்கவைத்துப் பதிவுசெய்தார்கள். ஆண்களில் 24 சதவிகிதத்தினருக்கும் பெண்களில் 9 சதவிகிதத்தினருக்கும் மணிக்கு ஐந்தோ அதற்கு மேலோ தடைகள் இருந்தன. அவற்றோடு பகல் உறக்கமும் சேர்ந்து இருந்தவர்களோ ஆண்களில் 4 சதவிகிதம், பெண்களில் 2 சதவிகிதம். ஒரே எண்ணைப் பெற்ற இருவரில் ஒருவர் தெளிவோடு வேலை பார்க்க, மற்றொருவர் மேஜைமேல் தலைசாய்வது எதனால் என்ற கேள்வியை இரவின் பதிவு மட்டும் கொண்டு தீர்க்க முடியவில்லை.

1999-இல் அமெரிக்க உறக்க மருத்துவ அகாதமி நோயின் தரங்களை வகுத்தபோது இதை மறக்கவில்லை. தடைகளின் எண்ணிக்கை ஒரு புறமிருக்க, உறக்கம் எந்தச் செயலின் நடுவே வருகிறது என்பதையும் அது தனி அளவையாக வைத்தது. படிக்கும்போதோ தொலைக்காட்சி பார்க்கும்போதோ வந்தால் இலேசானது. கூட்டத்திலும் கச்சேரியிலும் வந்தால் நடுத்தரமானது. உண்ணும்போது, பேசும்போது, நடக்கும்போது, வண்டி ஓட்டும்போது வந்தால் கடுமையானது. அந்த ஏற்பாட்டின்படி கேட்டனின் கோழிக்கடைக்காரர் கடுமையானவர்களின் வரிசையில் சேருவார். நடைமுறையில் ஆய்வுச்சாலைகள் எண்ணிக்கை சம்பந்தமான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றப் பாதியைக் கைவிட்டது வருந்தத்தக்கது.

பகலை அளக்க முயன்றவர்கள் முதலில் நாடியதும் ஆய்வுச்சாலையைத்தான். 1970-களின் பிற்பகுதியில் ஸ்டான்போர்டில் மேரி கார்ஸ்கடனும் டிமென்டும், நோயாளியைப் பகலில் இரண்டு மணிக்கு ஒருமுறை இருட்டறையில் படுக்கவைத்து, உறங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்க்கும் பரீட்சையை வகுத்தார்கள். சராசரியாக ஐந்து நிமிஷத்துக்குள் உறங்கிவிட்டால் நோய் கடுமை. வாழ்க்கையில் மனிதருக்கு வேண்டுவது உறங்கும் சாமர்த்தியமன்று, விழித்திருக்கும் சக்தி என்பதை உணர்ந்து, 1982-இல் மெரில் மிட்லரும் துணைவர்களும், மங்கிய ஒளியில் உட்காரவைத்து விழித்திருக்கச் சொல்லும் மறுதலையான பரீட்சையை ஏற்படுத்தினார்கள். இரண்டும் நல்ல பரீட்சைகளே. எனினும் கம்பிகளோடு ஒரு முழுப் பகல் ஆய்வுச்சாலையில் கழிவதும், அங்கே அளக்கப்படும் பகல் ஒருவரும் வாழாத பகலாக இருப்பதும் அவற்றின் குறைகள்.

மெல்போர்ன் நகரத்தில் எப்வொர்த் ஆஸ்பத்திரியில் உறக்க நோய்ப் பிரிவை நடத்திவந்த மர்ரே ஜான்ஸ் இந்தக் குறையை வெகு எளிய முறையில் போக்கினார். 1991-இல் 180 பேரிடம் கேட்டுப் பார்த்து அவர் வெளியிட்ட வினாத்தாள் அரைப் பக்கந்தான்: எட்டு நிலைகள், ஒவ்வொன்றிலும் உறங்கிப்போகும் வாய்ப்பு எவ்வளவு என்பதற்குப் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். உட்கார்ந்து படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, சபையிலோ நாடகக் கொட்டகையிலோ சும்மா அமர்ந்திருக்கும்போது, இடைவிடாமல் ஒரு மணி நேரம் காரில் பிரயாணியாகச் செல்லும்போது, பிற்பகலில் ஓய்வுக்குப் படுக்கும்போது, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, மதுவருந்தாமல் மதிய உணவு உண்டபின் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது, வண்டி நெரிசலில் சில நிமிஷம் நிற்கும்போது. எப்வொர்த் மதிப்பெண் என்று வழங்கும் இதன் உச்ச மொத்தம் 24, பத்துக்கு மேற்போனால் கவனிக்கத்தக்கது. "உமக்கு உறக்கம் வருகிறதா?" என்று பொதுப்படக் கேட்டால், வருஷக்கணக்காக அந்த நிலையிலேயே இருந்து அதுவே இயல்பென்று நம்பிவிட்டவர் "இல்லை" என்றே சொல்லிவிடுவார். கேள்வியை ஒரு நாற்காலிக்கும் ஒரு வண்டிக்கும் கொண்டுவந்து நிறுத்தியதுதான் ஜான்ஸின் நுட்பம். பிற்பகல் படுக்கையில் மூன்று பெறுவது பலருக்கும் இயற்கை. பேசிக்கொண்டிருக்கையில் ஒன்று பெறுவதோ எச்சரிக்கை.

ஆனாலும் உறக்கம் வருமா என்பது ஒரு கேள்வி. உறக்கத்தால் வாழ்க்கையில் எது எது விட்டுப்போயிற்று என்பது மற்றொரு கேள்வி. இரண்டாவதைக் கேட்டவர் ஒரு செவிலியர் என்பதில் எனக்கு வியப்பில்லை. நோயாளி எவ்வாறு எழுந்து, உண்டு, நடமாடி, நாளைக் கழிக்கிறார் என்பதையே கவனிப்பது அந்தத் தொழிலின் தர்மமல்லவா? பென்சில்வேனியா சர்வகலாசாலையில் செவிலியர் கல்வித் துறையைச் சேர்ந்த டெரி வீவர், 1997-இல் தம் சகாக்களோடு வெளியிட்ட முப்பது கேள்விகளின் தொகுதி, பகலில் செயலாற்றும் திறனை ஐந்து பகுதியாகப் பிரித்துக் கேட்கிறது: பொதுவான உழைப்பு, பிறரோடு பழகுதல், நடமாட்டம், விழிப்பு, தாம்பத்தியம். உறக்கம் மேலிடுவதால் வீட்டு வேலையில் கஷ்டமுண்டா? பற்றுவரவுக் கணக்குப் பார்ப்பதில் உண்டா? தொலைபேசியில் பேச்சைத் தொடர்வதில்? சாப்பிட்டு முடிப்பதில்? பிரார்த்தனைக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதில்? வாகனம் ஓட்டுவதைப் பற்றிய கேள்வி நூறு மைலுக்கு உட்பட்டதைக் குறுகிய தூரம் என்கிறது. சென்னையிலிருந்து விழுப்புரம் போகும் தூரம் அது. அமெரிக்க வாழ்க்கையின் அளவுகோல் அங்கே தெரிகிறதென்றாலும், அதைக் குறையாக நான் சொல்லவில்லை. ஒரு பகலைக் கேட்கப் புகுந்தால் அது யாரோ ஒருவருடைய ஊரின் பகலாகத்தான் இருக்க முடியும்.

அந்த வினாத்தாளில் என் மனத்தைக் கவர்ந்தது விடைகளுக்கான கட்டங்களில் ஒன்று. கஷ்டமில்லை, கொஞ்சம் உண்டு, நடுத்தரம், மிகவும் கஷ்டம் என்ற நான்குக்கும் அப்பால், வேறு காரணத்தால் இச்செயலை நான் செய்வதில்லை என்று சொல்லவும் ஒரு கட்டம் உண்டு. கார் இல்லாதவர் கார் ஓட்டுவதில்லை. துணை இழந்தவருக்குத் தாம்பத்தியக் கேள்வி பொருந்தாது. அவர்களுடைய விடையை நோயின் கணக்கில் ஏற்றாமல் விலக்கிவைத்துச் சராசரி காண்பது நேர்மையான ஏற்பாடு. தாம்பத்தியத்தைப் பற்றி வாய்விட்டுக் கேட்க வைத்தியரும் கூசுவார், சொல்ல நோயாளியும் கூசுவார். காகிதம் அந்தக் கூச்சத்தைச் சற்றே தணிக்கிறது.

அடுத்த ஆண்டிலேயே கானடாவின் கால்கரி நகரத்து வார்டு பிளெமன்ஸும் மார்லின் ரைமரும் மற்றொரு கருவியை வகுத்தார்கள். தினசரிச் செயல்களை முதற்பகுதியாகவும், பிறரோடு பழகுவதையும் மனநிலையையும் நோய்க்குறிகளையும் அடுத்தடுத்த பகுதிகளாகவும் கொண்டு, நேரில் அமர்ந்து கேட்கவேண்டிய 35 கேள்விகள். நோய்க்குறிகளில் தமக்கு மிகவும் முக்கியமான ஐந்தை நோயாளியே தேர்ந்தெடுக்கலாம். முகமூடியின் உறுத்தல், மூக்கு வறட்சி போன்ற சிகிச்சையின் தொல்லைகளையும் கேட்டு, அவற்றைக் கிடைத்த பயனிலிருந்து கழித்துப் பார்ப்பது இதன் சிறப்பு.

இத்தகைய வினாத்தாள்களுக்குப் பெரிய சோதனை தொடங்கிய ஆண்டு 1997. ஸ்லீப் ஆப்னியாவால் வரும் தீங்குக்கும் சிபாப் கருவியால் வரும் பயனுக்கும் உறுதியான ஆதாரம் போதாது என்று, 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட ஆய்வுரை ஒன்று தீர்ப்புச் சொல்லிற்று. காற்றூதும் கருவியை மாட்டிக்கொண்ட ஒருவர், ஏதோ சிகிச்சை நடக்கிறதென்ற நம்பிக்கையாலேயே நன்றாயிருக்கிறது என்று சொல்லக்கூடுமே என்பது நியாயமான ஆட்சேபம். அதற்கு விடை ஆக்ஸ்போர்டிலிருந்து வந்தது. 107 ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சரியான அழுத்தத்திலும், மற்றப் பிரிவுக்குத் தொண்டையைத் திறக்கப் போதாத அற்ப அழுத்தத்திலும் காற்றைச் செலுத்தினார்கள். எவருக்கு எது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. 1999-இல் 'லான்செட்' வெளியிட்ட முடிவு இது: உண்மைச் சிகிச்சை பெற்றவர்களின் எப்வொர்த் மதிப்பெண் 15.5-லிருந்து 7-க்கு இறங்கிற்று. மற்றவர்களுடையது 15-லிருந்து 13-க்கு மட்டுமே.

அவர்கள் பேச்சை மட்டும் நம்பிவிடவில்லை. அதே ஆக்ஸ்போர்டில் ஜான் ஸ்டிராட்லிங் முதலியோர் அமைத்த மற்றொரு பரீட்சையையும் கூடவே வைத்தார்கள். இருண்ட அறையில் நோயாளி உட்கார்ந்திருக்க, எதிரே சிறு விளக்கு மூன்று விநாடிக்கு ஒருமுறை மின்னும். மின்னுந்தோறும் கையில் உள்ள கருவியின் பொத்தானை அவர் தொட வேண்டும். ஓசையில்லை, பேச்சில்லை, நாற்பது நிமிஷம் அதே காரியம். ஏழு மின்னல்களை அடுத்தடுத்துத் தவறவிட்டால், அதாவது 21 விநாடி கை அசையாதிருந்தால், உறங்கிவிட்டதாகக் கொண்டு நிறுத்துவார்கள். தலையில் கம்பிகள் இல்லை. நோயாளி சொல்ல வேண்டியதும் இல்லை. வினாத்தாள் காட்டிய பயனை இந்தப் பரீட்சையும் உறுதிப்படுத்திற்று. 2008-இல் இங்கிலாந்தின் அரசாங்க ஆலோசனைக் குழுவான நைஸ், நடுத்தரமாகவும் கடுமையாகவும் நோயுற்ற பெரியவர்களுக்குச் சிபாப் கருவியைப் பரிந்துரைத்தபோது, அந்தத் தீர்மானத்துக்கு இத்தகைய பகற்பொழுதுச் சான்றுகளே அடிப்படையாக நின்றன.

இவ்விதச் சுயசாட்சியம் தவறாகப் போகும் சந்தர்ப்பமும் உண்டு. ஸ்பெயின் தேசத்தில் நடந்து 1999-இல் வெளிவந்த ஆராய்ச்சி, மணிக்குப் பத்தோ அதற்கு மேலோ தடைகள் கொண்ட ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்குச் சாலை விபத்தின் அபாயம் ஆறு மடங்குக்கு மேல் என்று கண்டது. லாரி ஓட்டிப் பிழைப்பவரிடம் வண்டியில் உறக்கம் வருமா என்று கேட்டால், வாகன உரிமத்தை இழக்கும் அச்சம் அவர் வாயை அடைக்கும். அவரைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. உண்மை சொன்னால் வீட்டில் அடுப்பெரியாது என்ற நிலையில் அவரை வைத்துவிட்டு உண்மையை எதிர்பார்ப்பது நியாயமாகாது. அங்கேதான் விளக்கொளிப் பரீட்சையும், அருகில் படுத்திருக்கும் மனைவியின் வார்த்தையும் துணைக்கு வரவேண்டியிருக்கிறது.

கருவியை இரவில் எத்தனை மணி நேரம் மாட்டிக்கொண்டால் போதும் என்ற கேள்விக்கு, 2007-இல் வீவரும் சகாக்களும் கண்ட விடை ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. எப்வொர்த் மதிப்பெண் சீராக நான்கு மணி நேரம் அணிவது போதும். பகலில் படுக்கவைத்துப் பார்க்கும் பரீட்சை சீராக ஆறு மணி நேரம் வேண்டும். வேலை, நட்பு, நடமாட்டம், தாம்பத்தியம் என்று தினசரி வாழ்க்கையைக் கேட்கும் முப்பது கேள்விகளின் மதிப்பெண் சீராகவோ ஏழரை மணி நேரம் வேண்டியிருந்தது. நான்கு மணி நேரம் அணிந்தாலே ஒழுங்காக அணிந்ததாக ஆஸ்பத்திரிகள் கணக்கிடும் வழக்கம் அமெரிக்காவில் ஏற்கெனவே நிலைபெற்றிருந்தது. அந்தக் கணக்கில் தேறியவர்களில் பலர், உறக்கம் விலகியும் வாழ்க்கை முழுவதும் திரும்பாதவர்கள் என்பது இதனால் வெளிப்பட்டது.

இதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ ஏற்கெனவே கொண்ட 2,700-க்கு மேற்பட்ட பெரியவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 'சேவ்' என்னும் பன்னாட்டு ஆராய்ச்சியின் முடிவு 2016-இல் வந்தது. அவர்களில் கருவி பெற்று, சராசரியாக இரவுக்கு மூன்றேகால் மணி நேரம் அதை அணிந்த பிரிவினரிடம், மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. பகல் உறக்கமும், வாழ்க்கைத் தரமும், வேலைக்குப் போக முடியாத நாட்களின் கணக்கும் சீரடைந்திருந்தன. மூன்று ஆண்டுகள் கழித்து அமெரிக்க உறக்க மருத்துவ அகாதமி தன் புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது. யாருக்கெல்லாம் காற்றழுத்தச் சிகிச்சை தரவேண்டும் என்று அது வரிசைப்படுத்திய இடத்தில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தரலாம் என்று நிபந்தனையோடு சொல்லி, பகலில் உறக்கம் மேலிடுகிறது என்று சொல்லிக்கொண்டு வரும் பெரியவர்களுக்கே கொடுத்தாக வேண்டுமென்று உறுதிபட எழுதிற்று.